காஞ்சனபுரி க்வே ஆற்றுப் பாலம்: பாங்காக்கிலிருந்து ரயிலில் போய் வருவது எப்படி? நம்மவர்களுக்கு அங்கே நினைவிடம் உண்டா?

கிள்ளான்_வாசகி

வணக்கம். டிசம்பரில் குடும்பத்தோடு பாங்காக் போகிறோம். இரண்டு பிள்ளைகள் (8, 12 வயது), 67 வயது அம்மா. அம்மாவுக்கு மூட்டுவலி. சமதரையில் மெதுவாக நடப்பார், படி என்றால் சிரமம். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய ராணுவம் போர்க்கைதிகளையும் ஆசியத் தொழிலாளர்களையும் வைத்துப் போட்ட சயாம் (தாய்லாந்து) மரண ரயில்பாதையில் இருக்கும் காஞ்சனபுரி பாலத்தை ரயிலிலேயே போய்ப் பார்க்க வேண்டும் என்று அம்மாவுக்கு ரொம்ப நாள் ஆசை.

கேள்விகள்: பாங்காக்கில் எந்த ஸ்டேஷனில் ஏற வேண்டும், முன்பதிவு தேவையா? ஒரே நாளில் போய்த் திரும்ப முடியுமா? ரயில் ஓடுகிற பாலத்தில் ஆட்களை நடக்க விடுகிறார்களாமே, பிள்ளைகளோடு போனால் ஆபத்தில்லையா? கடைசியாக, அம்மா கேட்பது: வெள்ளைக்காரச் சிப்பாய்களின் கல்லறைகளைத்தான் எல்லாப் படங்களிலும் காட்டுகிறார்கள். தோட்டங்களிலிருந்து கொண்டுபோய் அங்கே மாண்ட தமிழர்களுக்கு ஒரு பூ வைக்க இடம் இருக்கிறதா?

மீட்டர்கேஜ்

ஸ்டேஷன் விஷயத்தில்தான் அதிகம் பேர் கோட்டை விடுகிறார்கள், அதனால் அதை முதலில் சொல்கிறேன். காஞ்சனபுரி வழியாக 'நாம் தோக்' (அந்தப் பாதையின் கடைசி ஸ்டேஷன்) போகும் தினசரி வண்டிகள் தோன்புரி ஸ்டேஷனில் புறப்படும். ஹுவா லம்போங்கும் இல்லை, பாங் சூ பக்கம் கட்டியிருக்கும் புதிய பெரிய ஸ்டேஷனும் இல்லை. நகரத்து மேம்பால ரயிலில் 'குரூங் தோன் புரி' என்று ஒரு நிலையம் உண்டு. பெயரைப் பார்த்து அங்கே போய் இறங்கினால் காலை வண்டியை விட்டுவிடுவீர்கள். நீங்கள் போக வேண்டியது ஆற்றின் மேற்குக் கரையில், சிரிராஜ் மருத்துவமனையை ஒட்டி இருக்கும் பழைய சின்ன ஸ்டேஷன். டாக்சிக்காரரிடம் "சதானி ரோட்ஃபை தோன்புரி, சிரிராஜ்" என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். நிலத்தடி ரயிலின் நீலத் தடத்தில் ஃபை சாய் நிலையத்தில் இறங்கினாலும் சுமார் ஒரு கிலோமீட்டர் நடக்க வேண்டும். அம்மாவோடு என்றால் டாக்சிதான் சரி.

தோன்புரியிலிருந்து வண்டிகள் இரண்டே இரண்டு. 257ஆம் எண் வண்டி காலை 7:45 வாக்கில், 259 மதியம் 1:55 வாக்கில். வெளிநாட்டவருக்கு இந்தத் தடத்தில் எவ்வளவு தூரம் போனாலும் ஒரு வழிக்கு 100 பாட். எல்லாமே மூன்றாம் வகுப்பு, ஏசி கிடையாது, மின்விசிறியும் திறந்த ஜன்னலும்தான். முன்பதிவு இல்லை, அன்றைக்கே கவுண்டரில் டிக்கெட் வாங்கி, கிடைத்த இடத்தில் உட்கார வேண்டும். ஐந்து பேரும் ஒன்றாக உட்கார வேண்டுமானால் 7:15க்கு அங்கே இருங்கள். வண்டி காஞ்சனபுரிக்குப் பத்தரை மணியை ஒட்டி வரும். அடுத்த சில நிமிடங்களில் பாலத்தை ஒட்டிய சின்ன நிறுத்தம், அதன் பிறகு பாலம், கடைசியில் மதியம் 12:30 சுமாருக்கு நாம் தோக்.

ஒரே நாளில் முடியுமா என்றால் முடியும். ஆனால் அதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. நேராக நாம் தோக் வரை போனால், பாங்காக் திரும்பும் 258ஆம் எண் வண்டி 12:55க்கே கிளம்பிவிடும். உங்களுக்குக் கிடைப்பது இருபது, இருபத்தைந்து நிமிடம். போகும் வண்டி தாமதமானால் அதுவும் போச்சு. "அடுத்ததாக 3:30க்கு ஒரு வண்டி இருக்கிறதே" என்று நினைத்து உட்கார்ந்துவிடுகிறவர்கள் உண்டு. அந்த வண்டி காஞ்சனபுரி வழியாக நோங் ப்ளாடுக் சந்திப்போடு நின்றுவிடும், பாங்காக் வராது. காஞ்சனபுரியிலேயே இறங்கிக்கொண்டால் மதியம் 2:45 வாக்கில் திரும்பும் வண்டிக்கு நான்கு மணி நேரம் கிடைக்கும். அது பாலத்துக்கும் ஒரு அருங்காட்சியகத்துக்கும் போதும், அதற்கு மேல் எதற்கும் போதாது.

அதனால் என் யோசனை, ஒரு இரவு காஞ்சனபுரியில் தங்குங்கள். முதல் நாள் 257இல் போய் காஞ்சனபுரி ஸ்டேஷனிலேயே இறங்கிப் பையை வையுங்கள். உச்சிவெயிலில் பாலத்துக்குப் போகாமல், ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கும் தாய்லாந்து–பர்மா ரயில்வே மையம் என்ற அருங்காட்சியகத்தைப் பாருங்கள். உள்ளே குளிர்சாதனம் உண்டு, அம்மா உட்கார இடமும் உண்டு. சாயங்காலம் ஐந்து மணிக்குப் பாலம். இரண்டாம் நாள் காலை காரோ வேனோ பேசிக்கொண்டு ஹெல்ஃபயர் கணவாய் (ரயில்பாதைக்காகக் கைதிகள் பாறையைப் பிளந்த இடம்). அங்கிருந்து சுமார் 18 கிலோமீட்டர் திரும்பி வந்தால் நாம் தோக் ஸ்டேஷன். அங்கே 12:55 வண்டியில் ஏறினால் மலையோரத் தாம் க்ராசே மரப்பாலம், க்வே பாலம் இரண்டையும் ரயிலிலேயே கடந்து மாலை ஆறு மணி சுமாருக்குத் தோன்புரி வந்துவிடலாம். காலை வண்டியில் கூட்டத்தோடு நாம் தோக் போய் உடனே திரும்புவதை விட இது எவ்வளவோ மேல்.

உட்காரும் பக்கம் முக்கியம். நாம் தோக் போகும்போது ஆறு இடப்பக்கம், பாறை வலப்பக்கம். நாம் தோக்கிலிருந்து திரும்பும்போது வண்டி போகும் திசைக்கு வலப்பக்கம் பிடியுங்கள். தாம் க்ராசேயில் தண்டவாளம் பாறைச் சுவரை உரசினாற்போல் நானூறு மீட்டர் அளவுக்கு மரத்தூண்கள் மேல் போகும். பாறைப் பக்கம் உட்கார்ந்த பிள்ளைகள் கையை வெளியே நீட்டக் கூடாது. பாறை ஜன்னலுக்கு அவ்வளவு அருகில் வரும்.

சனி, ஞாயிறு, அரசு விடுமுறை நாள்களில் ஹுவா லம்போங்கிலிருந்து காலை ஆறரைக்கு ஒரு சுற்றுலா ரயிலும் உண்டு. அதற்கு முன்பதிவு வேண்டும், ஏசி பெட்டியும் இருக்கிறது. ஆனால் பாலத்தில் அரை மணி நேரம் நிறுத்தி விசில் அடித்துக் கூப்பிட்டுவிடுவார்கள், பகலின் பெரும்பகுதி சாய் யோக் நோய் அருவிக்குப் போய்விடும். உங்கள் அம்மா தேடுகிற காரியத்துக்கு அது பொருந்தாது.

கர்டர்_கணக்கு

பாலத்தில் நடப்பது பற்றி.

நடக்க விடுகிறார்கள், கட்டணமும் இல்லை. இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே நடப்பதற்கான தளம் போட்டிருக்கிறார்கள். அதன் அகலத்தில் எதிரெதிரே வரும் இரண்டு பேர் தோளைத் திருப்பித்தான் கடக்க முடியும். பக்கங்களில் முழு நீளத்துக்கும் கைப்பிடி இல்லை. தண்டவாளத்துக்கு வெளியே சில இடங்களில் இடைவெளி வழியாகக் கீழே ஆறு தெரியும். ஆனால் தூண்களுக்கு மேலே, ஒரு கர்டர் (இரும்புச் சட்டம்) முடிந்து அடுத்தது தொடங்கும் இடங்களில், பக்கவாட்டில் சின்ன மேடைகள் கைப்பிடியோடு இருக்கின்றன. ரயில் வரும்போது ஒதுங்குவதற்குத்தான் அவை. பாலத்தில் கால் வைத்ததுமே பிள்ளைகளுக்கு அந்த மேடையைக் காட்டி, "ஹாரன் கேட்டால் இங்கே" என்று சொல்லிவைத்துவிடுங்கள். வண்டி நடை வேகத்தில்தான் வரும், தூரத்திலிருந்தே ஹாரன் அடிப்பார்கள், பதற வேண்டியதில்லை. ஆபத்து ரயிலால் வருவதைவிட, செல்ஃபிக்காகப் பின்னால் நடக்கிறவர்களால்தான் வருகிறது. எட்டு வயதுக் குழந்தையின் கையை ஒரு பெரியவர் விடாமல் பிடித்துக்கொள்ளட்டும். ரப்பர் செருப்பு வேண்டாம், தளத்தின் விளிம்பில் முனை மாட்டிக்கொள்ளும். பின்பட்டை உள்ள செருப்போ ஷூவோ போடுங்கள்.

ரயில் ஒரு நாளைக்குப் போக மூன்று, வர மூன்றுதான். நிறுத்தத்தில் கால அட்டவணைப் பலகை இருக்கும், போனதும் அதைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மாலையில் நாம் தோக்கிலிருந்து வரும் 3:30 வண்டி ஐந்தரையை ஒட்டிப் பாலத்தைக் கடக்கும். தாமதம் சகஜம், அரை மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் வண்ணம் பூசிய ஒரு பொம்மை ரயில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு பாலத்தில் போய்வந்தபடி இருக்கும். நடக்க முடியாதவர்கள் பாலத்தைக் கடக்க அது நல்ல வழி. உங்கள் அம்மாவுக்கும் ஒத்துவரும்.

எதைப் பார்ப்பது என்று தெரிந்துகொண்டு போனால் இந்தப் பாலம் நிறையச் சொல்லும். கரையோரம் நின்று பக்கவாட்டில் பாருங்கள். மேல்விளிம்பு வில்லாக வளைந்த இரும்புச் சட்டங்கள் பல, நடுவில் மட்டும் மேல்விளிம்பு நேராக, மூலைகள் மடங்கிய இரண்டு சட்டங்கள். வளைந்தவைதான் போர்க்காலத்தவை. ஜப்பானிய ராணுவம் ஜாவாவில் இருந்த டச்சுக்காரர்களின் பாலத்தைக் கழற்றிக் கொண்டுவந்து 1943இல் இங்கே பூட்டியது. மொத்தம் 11. அவற்றில் மூன்று 1945இல் நேச நாட்டு விமானங்கள் போட்ட குண்டுகளில் விழுந்தன. போருக்குப் பிறகு ஜப்பான் இழப்பீடாக அனுப்பிய இரண்டு நேர்ச்சட்டங்கள் அந்த மூன்றின் இடத்தை நிரப்புகின்றன. கான்கிரீட் தூண்களை நிதானமாகப் பார்த்தால் குண்டுச் சிதறல் பட்ட குழிகளையும் காணலாம்.

இந்த இரும்புப் பாலத்துக்கு முன்பே, 1943 பிப்ரவரியில், சற்றுக் கீழ்நீரோட்டத்தில் ஒரு மரப்பாலம் கட்டி முடித்திருந்தார்கள். அது இப்போது இல்லை. "மரப்பாலம் எங்கே?" என்று 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்' படத்தைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் தேடுவது வேறொன்றை. அந்த ஹாலிவுட் படத்துக்கான பாலம் இலங்கையில் கித்துல்கலையில், களனி ஆற்றின் மேல் போடப்பட்டது. போர் நடந்தபோது காஞ்சனபுரியில் இந்த ஆற்றுக்கு மே க்ளோங் என்றுதான் பெயர். படத்துக்குப் பிறகு பயணிகள் வந்து தேடியதால் 1960இல் இந்தப் பகுதிக்கு க்வே யாய் என்று பெயர் வைத்தார்கள். பாலம் தாண்டியதும் பாதை க்வே யாயை விட்டுவிட்டு க்வே நோய் என்ற இன்னொரு ஆற்றை ஒட்டிப் போகும். தாம் க்ராசேயில் ஜன்னலுக்குக் கீழே தெரிவது க்வே நோய்தான்.

டிசம்பர் என்பதால் இன்னொன்று. நவம்பர் கடைசியிலிருந்து டிசம்பர் முதல் பகுதி வரை க்வே பாலத் திருவிழா நடக்கும். ராத்திரியில் ஒலி, ஒளி, வாணவேடிக்கையோடு குண்டுவீச்சை நடித்துக் காட்டுவார்கள். அந்த நாள்களில் அறை கிடைப்பது கஷ்டம், பாலத்தைச் சுற்றி மாலையில் சந்தைக்கூட்டம். அமைதியாகப் பார்க்க விரும்பினால் அந்த வாரம் முடிந்த பிறகு போங்கள். வெயில் விஷயத்தில் டிசம்பர் நல்ல மாதம்.

தோட்டத்து_வரலாறு

வாசகி, உங்கள் அம்மா கேட்ட கேள்விக்கு வருகிறேன். இடம் இருக்கிறது. ஆனால் யாரும் கையைப் பிடித்துக் கூட்டிப்போக மாட்டார்கள், நீங்களேதான் தேடிப் போக வேண்டும்.

முதலில் கணக்கு, பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். சயாமில் நோங் ப்ளாடுக்கிலிருந்து பர்மாவில் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர். 1942இல் தொடங்கி 1943 அக்டோபர் 17 அன்று இரு முனைகளும் சேர்ந்தன. வேலை செய்த போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல், இறந்தவர்கள் 12,000க்கு மேல். ஆசியத் தொழிலாளர்கள் 1,80,000க்கும் மேல், இறந்தவர்கள் ஏறக்குறைய 90,000 என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. மலாயாவிலிருந்து மட்டும் 75,000 பேர் அளவில் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களில் பெரும்பகுதி நம் தோட்டத் தமிழர்கள். முதலில் நாளுக்கு ஒரு வெள்ளி சம்பளம், மூன்று மாத ஒப்பந்தம் என்று விளம்பரம் செய்து ஆள் சேர்த்தார்கள். போனவர்கள் திரும்பாததால் ஆள் வராமல் போனபோது, தோட்டங்களிலிருந்தும் தெருவிலிருந்தும் வலுக்கட்டாயமாகப் பிடித்தார்கள். சரக்கு வேகன்களில் அடைத்துக்கொண்டு வந்து பான் போங்கில் இறக்கி, அங்கிருந்து காட்டுக்குள் நடத்திக்கொண்டு போனார்கள். பான் போங் தெற்கு ரயில்பாதையில் நோங் ப்ளாடுக்கை அடுத்து இருக்கிறது. உங்கள் வண்டி நோங் ப்ளாடுக்கிலேயே வலப்பக்கம் பிரிந்துவிடும். அந்தச் சந்திப்பில் வண்டி நிற்கும்போது, 'இங்கிருந்துதான் அந்தப் பாதை தொடங்கியது' என்று அம்மாவுக்குச் சொல்லலாம்.

ஏன் நம்மவர்கள் அதிகம் செத்தார்கள் என்பதற்கு அருங்காட்சியகத்தில் விடை கிடைக்கும். கைதிகளுக்குள் ராணுவ மருத்துவர்கள் இருந்தார்கள். தண்ணீரைக் கொதிக்கவைப்பது, கழிப்பிடக் குழியைத் தள்ளி வெட்டுவது, இறந்தவனின் பெயரை ஒளித்துவைத்த நோட்டில் எழுதுவது என்று ஒரு கட்டுப்பாடு இருந்தது. தோட்டத்திலிருந்து வந்தவர்களுக்கு மருத்துவரும் இல்லை, அதிகாரியும் இல்லை, பலரோடு பெண்டு பிள்ளைகளும் வந்திருந்தார்கள். 1943 மழைக்காலத்தில் காலரா வந்தபோது முகாம் முகாமாக மாண்டார்கள். பெயர்ப் பட்டியல் இல்லாததால்தான் கல்லறையும் இல்லை.

ஸ்டேஷன் பக்கத்தில் இருக்கும் போர்க் கல்லறைத் தோட்டத்துக்கு அவசியம் போங்கள். 6,982 பேர் அங்கே இருக்கிறார்கள். புல்தரை சமமாக இருக்கும், அம்மாவுக்குச் சிரமமில்லை. காலராவில் இறந்து எரிக்கப்பட்ட 300 பேரின் சாம்பல் இரண்டே கல்லறைகளில் இருக்கிறது. முஸ்லிம் இடுகாடுகளில் அடக்கப்பட்டு, கல்லறைகளைப் பராமரிக்க முடியாமல் போன 11 இந்திய வீரர்களின் பெயர்களும் அங்கே பொறிக்கப்பட்டிருக்கின்றன. நம் தொழிலாளர்கள் அங்கே இல்லை. அந்த வரிசைகளைப் பார்த்த பிறகு அடுத்த இடத்துக்குப் போனால்தான் வித்தியாசம் மனதில் ஏறும்.

அடுத்த இடம் வாட் தாவோன் வராராம். வியட்நாமிய, சீனப் பாணியில் கட்டிய புத்த கோயில், ஊர்க்காரர்கள் வாட் யுவான் என்பார்கள். கல்லறைத் தோட்டத்திலிருந்து நடந்தே போகலாம். கண்டெடுத்த ஆசியத் தொழிலாளர்களின் எலும்புகளை ஒன்றாகச் சேர்த்துப் புதைத்த நினைவுத்தூபி அந்த வளாகத்தில் இருக்கிறது. 2023இல் மலேசியத் தமிழர்களின் முயற்சியால் அங்கேயே ஒரு நடுகல்லும் நாட்டப்பட்டது. நீங்கள் பூ வைக்க வேண்டிய இடம் இதுதான். மாலை கட்டிய பூவை காஞ்சனபுரி சந்தையிலேயே வாங்கலாம், தாய்லாந்தில் கோயிலுக்கு மல்லிகைச் சரம் போடும் வழக்கம் உண்டு என்பதால் எளிதில் கிடைக்கும். சூடம் ஏற்றுவதாக இருந்தால் கோயிலில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஏற்றுங்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும்.

மூன்றாவது, பாலத்துக்கு அருகிலேயே, கீழ்நீரோட்டப் பக்கம் சில நிமிட நடையில். 1944இல் ஜப்பானிய ராணுவமே எழுப்பிய நினைவுத்தூண். சுற்றிலும் பல மொழிகளில் கல்வெட்டுப் பலகைகள் உண்டு, அவற்றில் தமிழும் ஒன்று. அழகான இடம் என்று சொல்ல மாட்டேன், பாலத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் அதைத் தாண்டியே போய்விடுகிறார்கள். கொன்றவர்களே வைத்த கல்லில் நம் எழுத்து இருக்கிறது என்பதைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும்.

ஒரு எச்சரிக்கை. காஞ்சனபுரியில் 'வார் மியூசியம்' என்ற பெயரில் பல இருக்கின்றன. பாலத்துக்கு ஒட்டிய பெரிய கட்டடம் ஒன்று, ஊரின் தெற்கே வாட் சாய் சும்போன் கோயிலில் மூங்கில் குடிசை மாதிரி அமைத்த ஜீத் அருங்காட்சியகம் ஒன்று. டாக்சி, சாங்தாவ் (பலர் சேர்ந்து ஏறும் சின்ன வண்டி) ஓட்டுகிறவர்கள் பெரும்பாலும் பாலத்தருகே இருப்பதில்தான் இறக்கிவிடுவார்கள். நேரம் குறைவு என்றால் கல்லறைத் தோட்டத்தை ஒட்டி இருக்கும் தாய்லாந்து–பர்மா ரயில்வே மையம் ஒன்றே போதும். நுழைவுக் கட்டணம் 150 பாட் அளவில் இருக்கும். ஆசியத் தொழிலாளர்களைப் பற்றி ஒழுங்காகச் சொல்லும் இடமும் அதுதான்.

கிள்ளான்_வாசகி

எல்லாருக்கும் மிக்க நன்றி. அம்மாவிடம் வாட் தாவோன் பற்றிப் படித்துக் காட்டினேன், அங்கேதான் முதலில் போக வேண்டும் என்கிறார். ஒரு இரவு தங்குவதாக முடிவு செய்துவிட்டோம். ஹெல்ஃபயர் கணவாயில் படி நிறைய என்கிறார்களே, அம்மாவை விட்டுவிட்டுப் போக மனமில்லை. இன்னொன்று, நாங்கள் சைவம். ரயிலிலும் அங்கேயும் சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

மீட்டர்கேஜ்

ஹெல்ஃபயர் கணவாயில் படி நிறைய என்பது உண்மைதான். ஆஸ்திரேலிய அரசு நடத்தும் விளக்க மையம் மேலே சாலை மட்டத்தில் இருக்கிறது, 1998இல் திறந்தது. நுழைவு இலவசம், காதில் மாட்டிக் கேட்கும் ஒலிவழிகாட்டியும் தருவார்கள். மையத்தின் பின்புற மேடையிலிருந்து பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும். அம்மா அங்கேயே இருக்கலாம். பாறையைப் பிளந்த கோன்யூ வெட்டுக்குப் போக மரப்படிகளில் இறங்க வேண்டும். இறங்குவது பரவாயில்லை, திரும்பி ஏறுவதுதான் மூட்டுக்கு ஆகாது. அவரை இறக்கப் பார்க்காதீர்கள். கணவரும் நீங்களும் முறை வைத்துக்கொண்டு பிள்ளைகளோடு போய்வாருங்கள். வெட்டு வரை போய் ஏறி வர முக்கால் மணி நேரம் போதும். அதைத் தாண்டி நீளும் நடைபாதை 12:55 வண்டிக்குள் முடியாது, அதை விட்டுவிடுங்கள்.

வெட்டு சுமார் 75 மீட்டர் நீளம், 25 மீட்டர் ஆழம். பாறைச் சுவரைப் பிள்ளைகளுக்குத் தொட்டுக் காட்டுங்கள். ஒருவன் உளியைப் பிடிக்க இன்னொருவன் சம்மட்டியால் அடித்துப் போட்ட துளைகளின் பாதிக்குழாய்த் தடம் இன்றும் சுவரில் செங்குத்தாக ஓடுகிறது. சில இடங்களில் பழைய மரக்கட்டைகளும் கிடக்கின்றன. ராத்திரியும் வேலை வாங்கியபோது மூங்கில் தீப்பந்த வெளிச்சத்தில் எலும்பும் தோலுமாக அசைந்த உருவங்களைப் பார்த்துத்தான் கைதிகள் ஹெல்ஃபயர் (நரக நெருப்பு) என்ற பெயரை வைத்தார்கள்.

மையம் காலை 9 மணிக்குத் திறக்கும். காஞ்சனபுரியிலிருந்து 323ஆம் எண் நெடுஞ்சாலையில் ஏறக்குறைய 80 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஏழரைக்குக் கிளம்பினால் சரியாக இருக்கும். பதினொன்றே முக்காலுக்கு அங்கிருந்து புறப்பட்டுவிட வேண்டும். வண்டி பேசும்போதே "ஹெல்ஃபயர் கணவாய், காத்திருப்பு, பிறகு நாம் தோக் ஸ்டேஷனில் விட வேண்டும், காஞ்சனபுரிக்குத் திரும்ப வேண்டாம்" என்று எழுதிக் காட்டிவிடுங்கள். இதைச் சொல்லாமல் விட்டால் டிரைவர் பழக்கத்தில் நேராகப் பாலத்துக்குத் திரும்பிவிடுவார். பொதுப் பேருந்தும் அந்தச் சாலையில் ஓடுகிறது, ஆனால் ரயிலைப் பிடிக்க வேண்டிய நாளில் பேருந்தை நம்பாதீர்கள்.

ரயில் ஏறுவதில் ஒரு கவனம். சின்ன நிறுத்தங்களில் மேடை தாழ்வு, பெட்டியின் முதல் படி முழங்கால் உயரத்துக்கு வரும். வண்டி ஓரிரு நிமிடமே நிற்கும். அதனால்தான் அம்மாவைப் பாலத்தடி நிறுத்தத்தில் ஏற்றி இறக்காமல், காஞ்சனபுரியிலும் நாம் தோக்கிலும் மட்டும் ஏறி இறங்கும்படி திட்டம் சொன்னேன். நாம் தோக்கில் வண்டி வந்து இருபது நிமிடமாவது நிற்கும், அவசரம் இல்லாமல் ஏற்றலாம். ஒருவர் மேலே நின்று கை கொடுக்க, ஒருவர் பின்னால் நின்றால் போதும். ஆனால் வலப்பக்க ஜன்னல் வேண்டுமானால் கணவர் முன்னாலேயே ஏறி இடம் பிடித்துக்கொள்ளட்டும். தாம் க்ராசேயில் சுற்றுலாக் குழுக்கள் கும்பலாக ஏறுவார்கள்.

பாங்காக்_சைவம்

சாப்பாட்டுக்கு ஒரு சொல் போதும்: "ஜே". "கின் ஜே" என்றால் முட்டை, மீன், இறைச்சி எதுவும் சேராத சாப்பாடு என்று கடைக்காரருக்குப் புரியும். அதில் பூண்டு, வெங்காயமும் சேர்க்க மாட்டார்கள். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்துப் போட்ட கடை தென்பட்டால் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடலாம். சாதாரணக் கடையில் "காய்கறி மட்டும்" என்று ஆங்கிலத்தில் சொன்னால் இறைச்சியை மட்டும் எடுத்துவிட்டு மீன் சாறும் சிப்பிச் சாறும் ஊற்றித் தருவார்கள், அவர்கள் கணக்கில் அது காய்கறிதான். "மாய் சாய் நாம் ப்லா" (மீன் சாறு வேண்டாம்), "மாய் சாய் காய்" (முட்டை வேண்டாம்) என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

ரயிலில் ஏறி விற்கும் பொட்டலங்களில் பொரித்த சாதம், நூடுல்ஸ் எல்லாவற்றிலும் முட்டையோ மீன் சாறோ இருக்கும். நம்பி வாங்கக்கூடியவை வெட்டிய பழம், வேகவைத்த சோளம், நிலக்கடலை, தேங்காய்ப்பாலில் ஊறிய ஒட்டரிசி. இரண்டாம் நாள் மதியத்துக்கு காஞ்சனபுரியிலேயே ஏதாவது கட்டிக்கொள்ளுங்கள், 12:55க்கு ஏறி ஆறு மணி வரை வண்டியில் இருக்கப்போகிறீர்கள். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் வையுங்கள். ஜன்னல் திறந்தே இருப்பதால் தூசி நிறைய வரும், அம்மாவுக்கு ஒரு துண்டும் முகக்கவசமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

தோட்டத்து_வரலாறு

வாட் தாவோனுக்கு முதலில் போவதானால் காலை வண்டியில் இறங்கியதும் போய்விடுங்கள், மதிய வெயிலுக்கு முன் முடிந்துவிடும். கல்லறைத் தோட்டத்தை அதற்கு அடுத்து வைத்துக்கொள்ளலாம், இரண்டும் பக்கம் பக்கம்தான். கோயில் பெரியது, தூபியும் நடுகல்லும் வாசலிலேயே கண்ணில் படாது. உள்ளே போனதும் துறவிகளிடமோ கோயில் ஆட்களிடமோ நடுகல்லின் படத்தைக் கைபேசியில் காட்டிக் கேளுங்கள், கூட்டிப்போய்க் காட்டுவார்கள். படத்தைக் கிளம்புவதற்கு முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவின் சொந்தத்தில் யாராவது சயாமுக்குப் போனவர்கள் இருந்தால், அவர் நினைவில் இருக்கும் தோட்டத்தின் பெயர், கங்காணி பெயர், யார் யார் திரும்பி வந்தார்கள் என்பதையெல்லாம் இந்தப் பயணத்தின்போதே அவர் குரலில் பதிவு செய்யுங்கள். சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தில் ஜப்பானியர் காலம் பற்றிய வாய்மொழிப் பதிவுகள் இருக்கின்றன, பலவற்றை இணையத்திலேயே கேட்கலாம். கிளம்புவதற்கு முன் பெரிய பிள்ளையோடு உட்கார்ந்து இரண்டைக் கேட்டுவிடுங்கள்.